பஞ்சாங்க அட்டையில் பதிந்த பெருவிரல்

கொலை நிகழ்ந்த வீட்டினுள் முதன்முதலில் அடியெடுத்து வைப்பவர் யார், அங்கே அவர் எதைத் தொட்டார், எதைத் தொடாமல் விட்டார் என்பதைப் பொறுத்தே அவ்வழக்கின் பின் வரலாறு பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. கூக்குரல் கேட்டு அண்டை அயலார் ஓடி வருகின்றனர். கிடப்பவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகின்றனர். சிந்திய இரத்தத்தைக் கழுவுகின்றனர். கவிழ்ந்த பெட்டியை நிமிர்த்தி வைக்கின்றனர். இரக்கத்தாலும் பதற்றத்தாலும் இவற்றைச் செய்கின்றார்களேயன்றி, உண்மையைக் கூறவல்ல வாயில்லாச் சாட்சிகளைத் தங்கள் கையாலேயே அழித்துவிடுகின்றோம் என்று அவர்கள் அறியார். அவ்வாறு அழியாமல் தப்பிய ஒரு சிறு கறையின் வரலாற்றை இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன். அது நிகழ்ந்தது 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்.

வங்காளத்தின் வடகோடியில், பூட்டான் எல்லையை ஒட்டிக் கிடப்பது ஜல்பாய்குரி மாவட்டம். பூட்டானுடன் நிகழ்ந்த போரின் முடிவில், 1865-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த நிலம் அதன் பெரும்பகுதி. காடு வெட்டித் தேயிலை பயிரிடுவது 1874-இல் அங்கே தொடங்கிற்று. சோட்டா நாகபுரியிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் கூலி மக்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டனர். தேயிலைத் தோட்டத்து வாழ்வு எத்தன்மையது என்பதைத் தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனைமலையிலும் இலங்கை மலைநாட்டிலும் கொழுந்து பறித்துக் கூன் விழுந்தவர் நம் மக்களே அல்லரோ?

அத்தகைய தோட்டம் ஒன்றின் மானேஜர், ஒரு நாள் தம் படுக்கையிலேயே கழுத்தறுபட்டுக் கிடக்கக் காணப்பட்டார். அவருடைய கடிதப் பெட்டியும் இரும்புப் பெட்டியும் சூறையாடப்பட்டிருந்தன. சில நூறு ரூபாய்கள் போயிருந்தன. கண்ணால் கண்டவர் எவருமில்லை.

ஐயம் எவர் எவர் மேல் விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மானேஜர் வேலை வாங்குவதில் கொடியவர் என்று பெயர் எடுத்தவர். ஆகவே கூலிகளுள் ஒருவன் செய்திருக்கலாம் என்றனர் சிலர். அவருடைய சமையற்காரன் உடையில் இரத்தப் புள்ளிகள் காணப்பட்டன. அவனே கொலைகாரன் என்றனர் வேறு சிலர். மானேஜருக்கு ஒரு பெண்ணுடன் தொடர்பு இருந்தது. அவள் உறவினர் பழி தீர்த்திருக்கலாம் என்றும் பேசப்பட்டது. அண்மையில் அப்பக்கம் வந்து கூடாரமடித்துத் தங்கியிருந்த காபூலிக் கூட்டம் ஒன்றன் மேலும் ஐயம் எழுந்தது. இவையன்றி, திருட்டுக் குற்றத்திற்காக மானேஜரால் சிறைக்கு அனுப்பப்பட்ட பழைய வேலைக்காரன் ஒருவன் பகை கொண்டிருந்தான் என்றும் எவரோ தெரிவித்தனர். ஆனால் அவன் சில வாரங்களுக்கு முன்பே விடுதலையாகிப் போயிருந்தான். அதன்பின் அவனை அந்த மாவட்டத்தில் கண்டதாகச் சொல்வாரில்லை.

கூலிகள், காபூலிகள், சமையற்காரன்: இவர்களுள் பெரும்பாலோர் அந்த மண்ணுக்கு அயலார், அல்லது பிறர் வீட்டில் ஏவல் செய்து பிழைப்பவர். ஊரில் தீங்கு ஒன்று நேர்ந்தால் ஐயம் முதலில் இத்தகையோர் வாசலைத்தான் தட்டும். மொழி வேறான ஊரில் பிழைக்கச் சென்ற தமிழர் எவரும் இதை நூலில் படித்து அறிய வேண்டியதில்லை.

இத்தகைய நிலையில் அக்காலத்துப் போலீஸார் செய்து பழகிய காரியம் ஒன்று உண்டு. ஐயத்திற்குரியவனைப் பிடித்துக் கொண்டுவந்து, அவன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வது. எவ்வாறு ஒப்புக்கொள்ளச் செய்தனர் என்பதற்குச் சென்னை மாகாணமே சான்று. வரி வசூலிக்கவும் வாக்குமூலம் வாங்கவும் மக்கள் சித்திரவதை செய்யப்படுகின்றனர் என்ற முறையீட்டை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணைக்குழு, 1855-இல் தன் அறிக்கையைச் சென்னையில் வெளியிட்டது. முறையீடு உண்மையே என்பதை அவ்வறிக்கை மறைக்கவில்லை. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகச் சான்றாகக் கொள்ளலாகாது என்று 1861-ஆம் ஆண்டின் குற்ற விசாரணைச் சட்டம் விதித்தது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் தன் 25-ஆம் பிரிவில் அதையே நிலைநாட்டியது. வாயிலிருந்து பெறும் வழி இவ்வாறு அடைபட்டதும், பொருளிலிருந்து உண்மையைப் பெறும் வழியைத் தேட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. நம் நாட்டில் தடய அறிவியலுக்குத் தாய் அறிவியல் ஆர்வம் மட்டுமன்று. இந்தக் கட்டாயமும் தான் என்பது என் கருத்து.

இனி ஜல்பாய்குரிக்குத் திரும்புவோம். சமையற்காரனைக் கேட்டபோது, “எசமானின் இரவுச் சாப்பாட்டுக்காகப் புறா அறுத்தேன், அந்த இரத்தமே இது” என்ற கருத்துப்படச் சொன்னான். ஒப்புதல் வாங்கும் பழைய முறையில் இந்தப் பேச்சு எடுபட்டிராது. ஆனால் அவன் உடை இரசாயனப் பரிசோதகரிடம் சென்றது. இத்தகைய அரசாங்கப் பரிசோதனைச் சாலை நம் நாட்டில் முதன்முதலில் 1849-இல் சென்னையில்தான் அமைக்கப்பட்டது. கல்கத்தாவில் அது போன்றதொன்று 1853-இல் ஏற்பட்டது. நஞ்சூட்டிக் கொல்லப்பட்டோரின் குடலைச் சோதிப்பதே தொடக்கத்தில் அவற்றின் பெரும்பணியாக இருந்தது. இரத்தக்கறையைச் சோதிப்பது பின்னர் வந்து சேர்ந்தது. பறவையின் செவ்வணுக்கள் நீள்வட்டமானவை, நடுவே கருவை உடையவை. மனிதன் முதலிய பாலூட்டிகளின் செவ்வணுக்களோ பெரும்பாலும் வட்டமானவை, கரு அற்றவை. உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு புலப்படும். பரிசோதகரின் அறிக்கை சமையற்காரன் சொல்லுக்கு அரணாக அமைந்தது. ஒரு புறாவின் இரத்தம் ஒரு மனிதனைக் காத்தது.

எஞ்சியது கடிதப் பெட்டி. அதற்குள் கிடந்த காகிதங்களுக்கிடையே வங்காளி எழுத்தில் அச்சிடப்பட்ட பஞ்சாங்கப் புத்தகம் ஒன்று இருந்தது. அதன் மேலட்டை வெளிர்நீலக் காகிதத்தாலானது. அதன் மீது மங்கலான பழுப்பு நிறக் கறைகள் இரண்டு தென்பட்டன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அவற்றுள் ஒன்றில் வலக்கை விரல் ஒன்றன் ரேகைகள் ஓரளவு தெளிந்து காணப்பட்டன. இரும்புப் பெட்டியின் சாவியைத் தேடிக் காகிதங்களைக் கிளறிய கை, தன் அடையாளத்தைத் தானறியாமல் அங்கே விட்டுச் சென்றிருந்தது. பலர் புரட்டிப் பார்த்திருந்தால் அக்கறை உதிர்ந்திருக்கும். ஈரத் துணியால் எவரேனும் துடைத்திருந்தால் ஒரு நொடியில் மறைந்திருக்கும். மானேஜரின் உடைமைகளை உறவினருக்கு அனுப்புகையில் குப்பையென்று ஒதுக்கப்படுவதற்கும் அப்பழைய பஞ்சாங்கம் தகுதியுடையதே.

அக்கறையைக் கண்டுகொள்ளும் கண் எப்படி வந்தது? அதற்கு நாற்பதாண்டுக் கால முன்கதை உண்டு. 1858-இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலை போடச் சரளை தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து, ஒப்பந்தப் பத்திரத்தில் பதியச் செய்தார். கையெழுத்தைப் பின்னால் மறுத்துப் பேசாதபடி அச்சுறுத்துவதே அவர் நோக்கம். விஞ்ஞானம் ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் ஒருவரின் ரேகை வயது ஏறினாலும் மாறுவதில்லை என்பதைப் பல ஆண்டுகள் பார்த்துத் தெளிந்தார். 1877-இல் ஹூக்ளியில் உபகாரச் சம்பளம் பெறுவோர், பத்திரம் பதிவு செய்வோர், சிறைக் கைதிகள் ஆகியோரிடம் விரல் பதிவு வாங்கும் முறையை நடத்திப் பார்த்தார். நம் ஊர்ப் பத்திரங்களில் உள்ள கைநாட்டு இந்த வழியில் உறுதிப்பட்டது. குற்றம் நிகழ்ந்த இடத்தில் கள்வன் விட்டுச்செல்லும் ரேகையைக் கொண்டே அவனைக் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணத்தை 1880-இல் எழுத்தில் வெளியிட்டவர், ஜப்பானில் மருத்துவராகப் பணிபுரிந்த ஹென்றி ஃபால்ட்ஸ்.

இவ்விரண்டையும் நடைமுறையில் இணைத்தது கல்கத்தா. வங்காளப் போலீஸின் தலைவராக 1891-இல் அமர்ந்த எட்வர்ட் ஹென்றி, முதலில் பிரான்சு நாட்டு முறைப்படி கைதிகளின் உறுப்புகளை அளந்து குறிக்கும் ஏற்பாட்டையே மேற்கொண்டார். அளப்பவர் மாறினால் அளவும் மாறிற்று. விரல் ரேகையில் அக்குறை இல்லை. ஆனால் வேறொரு தடை இருந்தது. பல்லாயிரம் தாள்களைச் சேர்த்துவிட்டால், வேண்டிய தாளை எப்படித் தேடி எடுப்பது? இத்தடையைத் தகர்த்தவர்கள் ஹென்றியின் கீழ்ப் பணிபுரிந்த இரண்டு இந்தியர்கள். ஒருவர் அஜீஸுல் ஹக், கணிதம் பயின்றவர்; மற்றவர் ஹேமசந்திர போஸ். விரல்களில் சுழி உள்ளது, சுழி இல்லாதது என்று இரண்டே வகை கொள்வோம். பத்து விரல்களுக்கும் சேர்த்து ஏற்படக்கூடிய வேறுபாடுகள் இரண்டைப் பத்து முறை பெருக்கினால் வருவன, அதாவது 1024. நெடுக்கே 32, குறுக்கே 32 எனப் புரைகள் அமைந்த ஓர் அலமாரியில் எந்தத் தாளையும் அதற்குரிய புரையில் இட்டு, கேட்டவுடன் எடுத்துவிடலாம். இம்முறையை ஆராய அமர்த்தப்பட்ட குழு அதற்கு இசைவளித்தது. 1897 ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் அதை ஏற்றது. அவ்வாண்டிலேயே உலகின் முதல் விரல் ரேகை நிலையம் கல்கத்தாவில் தோன்றியது.

அம்முறைக்கு இன்றும் ‘ஹென்றி முறை’ என்றே பெயர் வழங்குகிறது. அலமாரியைக் கணக்கிட்டவர் பெயர் நூலின் அட்டையில் ஏறவில்லை. பின்னாளில் ஹக்குக்குக் கான் பகதூர் பட்டமும் போஸுக்கு ராய் பகதூர் பட்டமும் கிடைத்தன, பணமுடிப்பும் கிடைத்தது. அவ்வளவே.

பஞ்சாங்கத்தின் கறை இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது, நிலையம் தோன்றி ஏறத்தாழ ஓராண்டே ஆகியிருந்தது. நேயர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அலமாரி பத்து விரல்களையும் கொண்டு வகுக்கப்பட்டது. கறையோ ஒரு விரலின் ஒரு பகுதி. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரம் புரைகளைத் துழாவுவது எளிதன்று. பழைய வேலைக்காரன் ஒருவன் உண்டு, அவன் தண்டனை பெற்றவன் என்ற செய்தி முன்பே விசாரணையில் கிடைத்திருந்தது. அக்காரணத்தால் அவனுடைய விரல் பதிவு நிலையத்தில் இருந்தது. காங்காலி சரண் என்னும் அவனது வலப் பெருவிரலோடு கறை முற்றும் பொருந்திற்று. நடந்து விசாரித்தவர்களின் உழைப்பும் அலமாரியின் ஒழுங்கும் சேர்ந்தே இதைச் செய்தன. இரண்டில் ஒன்று இல்லையேல் மற்றதும் பயனற்றுப் போயிருக்கும்.

பல நூறு மைல்களுக்கு அப்பால், பீர்பூம் மாவட்டத்தில் அவன் பிடிபட்டான். கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து மறுபடியும் அவனது பெருவிரலைப் பதிந்து ஒப்பிட்டனர். அட்டையிலிருந்த கறை பாலூட்டி ஒன்றின் இரத்தமே என்று இரசாயனப் பரிசோதகர் சான்றளித்தார். அதற்கு மேல் அவரால் சொல்ல இயலவில்லை. இரத்தம் மனிதனுடையதா, ஆட்டினுடையதா என்று பிரித்தறியும் முறையை ஜெர்மானிய அறிஞர் ஊலன்ஹூத் 1901-இல்தான் கண்டார். இரத்த வகைகளை வியன்னாவில் லாண்ட்ஸ்டெய்னர் வெளியிட்டதும் அவ்வாண்டே.

கொலை, திருட்டு என்னும் இரு குற்றங்களும் சாட்டப்பட்டு வழக்கு நடந்தது. நீதிபதியுடன் அமர்ந்த அசெசர்கள் தங்கள் கருத்தைக் கூறினர். திருட்டு ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. கொலையை எவரும் கண்ணால் காணாமையால் அக்குற்றத்திற்குத் தண்டிப்பது தகாது என்பது அவர்கள் முடிவு. திருட்டுக்கே தண்டனை விதிக்கப்பட்டது. மேல் முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது.

கழுத்தறுபட்ட ஒருவரின் வழக்கு திருட்டுத் தண்டனையில் முடிந்தது சிலருக்கு ஏமாற்றமாகத் தோன்றலாம். இரத்தம் தோய்ந்த பெருவிரலுக்கு வேறென்ன விளக்கம் இருக்க முடியும் என்று கேட்பதும் இயல்பே. எனினும் அசெசர்களை நான் குறை கூறேன். ரேகை ஒருவன் அங்கே இருந்தான் என்பதைச் சொல்லும்; கத்தியைப் பிடித்தது அவனா, உடன் வந்த வேறொருவனா என்பதைச் சொல்லாது. புதிய கலை ஒன்றைக் கண்டு மயங்காமல், அது எந்த எல்லை வரை பேசுகிறதோ அந்த எல்லையில் நின்றனர் அவர்கள். 1899-இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, விரல் ரேகை வல்லுநரின் கருத்தும் சான்றாகக் கொள்ளத்தக்கது என்று விதிக்கப்பட்டது.

ரேகையால் கொலைக்குற்றமே மெய்ப்பிக்கப்பட்ட முதல் வழக்கு அர்ஜென்டினா நாட்டில் 1892-இல் நிகழ்ந்தது. தன் குழந்தைகள் இருவரையும் கொன்றவன் பக்கத்து வீட்டுக்காரனே என்று ஒரு தாய் முறையிட்டாள். அவனைப் பிடித்து வதைத்தும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னர் வந்த அதிகாரி கதவில் இரத்தம் தோய்ந்த விரற்குறி இருக்கக் கண்டு, அப்பகுதியை மட்டும் மரத்தோடு அறுத்து எடுத்துச் சென்றார். அது அத்தாயின் விரலோடு பொருந்திற்று. கறையைச் சுரண்டாமல், அது படிந்திருந்த மரத்தையே பெயர்த்துச் சென்ற அந்த முன்யோசனை ஒரு நிரபராதியைக் காத்தது.

லண்டனை அடுத்த டெட்ஃபோர்டில் 1905-இல் முதிய கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் கொல்லப்பட்ட வழக்கு இன்னொரு பாடம். காலியான பணப்பெட்டியில் பெருவிரல் ரேகை ஒன்று காணப்பட்டது. உயர் அதிகாரி அப்பெட்டியைக் காகிதத்தில் சுற்றச் செய்துவிட்டு, அங்கிருந்தோரை நோக்கி இதை எவரேனும் தொட்டீர்களா என்று வினவினார். வழியில் இடறாதபடி தான் சற்றுத் தள்ளி வைத்ததாக ஒரு போலீஸ்காரர் ஒப்புக்கொண்டார். உடனே அவருடைய ரேகையும், இறந்த இருவரின் ரேகைகளும் எடுக்கப்பட்டு ஒப்பிடப்பட்டன. மூன்றும் பொருந்தவில்லை. அதன் பிறகே அந்த ரேகை குற்றவாளியைத் தேடும் கருவியாயிற்று. அப்போலீஸ்காரர் அஞ்சி மறைத்திருந்தால், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதுமானதாயிருக்கும்.

இவற்றையெல்லாம் ஒரு முறையாக வகுத்து எழுதியவர், ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரில் விசாரணை நீதிபதியாயிருந்த ஹான்ஸ் கிராஸ். அவரது ஜெர்மானிய நூல் 1893-இல் வெளிவந்தது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, இந்திய நடைமுறைக்கேற்ப அமைத்தவர்கள் சென்னை வழக்கறிஞர்களான ஜான் ஆடம், ஜே. கோலியர் ஆடம் என்னும் இருவர். அது 1906-இல் சென்னையிலேயே அச்சாயிற்று. பல நாடுகளில் பயிலப்பட்ட ஒரு நூல் நம் நகரத்து அச்சகத்திலிருந்து புறப்பட்டது என்பதைத் தமிழர் பலர் அறியார். அதன் போதனையின் சாரம் எளியது. அதிகாரி முதலில் அசையாமல் நின்று பார்க்க வேண்டும். பின் எழுத வேண்டும். படம் வரைய வேண்டும். எப்பொருளும் எழுத்தில் ஏறிய பின்னரே கைக்கு வர வேண்டும்.

இன்று இதனுடன் பல சேர்ந்துள்ளன. கயிறு கட்டி இடத்தை வளைக்கின்றனர். உள்ளே செல்லவும் வெளியே வரவும் ஒரே தடத்தைக் குறிக்கின்றனர். சென்றவர் பெயரையும் நேரத்தையும் வாயிலில் நிற்கும் காவலர் குறித்து வைக்கின்றார். இரத்தம் தோய்ந்த ஈரத்துணியை நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் இடுகின்றனர். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பற்றி, டி.என்.ஏ. சிதைந்துவிடும். ஒவ்வொரு பொதியும் அரக்கு முத்திரை பெற்று, யார் கையிலிருந்து யார் கைக்கு என்று எந்நாள் மாறிற்று என்பது எழுதப்படுகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஆய்வுக்கூடத்தின் அறிக்கை நீதிமன்றத்தில் மதிப்பிழக்கும். பட்டியலைப் படிப்பது எளிது. நள்ளிரவில், மழையில், நூறு பேர் கூடிக் கூக்குரலிடும் தெருவில், தனியே நிற்கும் ஒரு காவலர் இதைச் செய்வது அரிது.

1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதீய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறைக்கு வந்துள்ளது. போலீஸாரிடம் தந்த ஒப்புதல் செல்லாது என்னும் விதி அதிலும் தொடர்கிறது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த குற்ற விசாரணைச் சட்டம், தன் 176-ஆம் பிரிவில், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நேரில் குற்ற இடத்திற்குச் சென்று சான்றுகளைத் திரட்ட வேண்டும் என்றும், அப்பணியைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்றும் விதிக்கின்றது. இதற்கான வல்லுநர்களையும் ஆய்வுக்கூடங்களையும் அமைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை தவணை உண்டு. தன்னிடம் வசதியில்லாத மாநிலம், அது ஏற்படும் வரையில் வேறொரு மாநிலத்தின் வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் வல்லுநர் வந்து சேரும் வரை அந்த அறையின் வாயிலில் நிற்கப்போகிறவர், பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து முதலில் ஓடிவந்த காவலரே.